கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இறக்கம் தீருமா?

கேள்வி: எனக்கு வயது 61. மூன்று பிரசவங்கள், முதல் குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளாக அடி இறங்கி, மாலையானால் உருண்டையாக ஏதோ வெளியே வந்து நிற்கிறது. விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் முழுதாகப் போகிறது. முன்பெல்லாம் இருமினால் சிறுநீர் கசியும். இப்போது அது தானாகவே நின்றுவிட்டது. மலச்சிக்கல் நெடுநாளாக உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு மருத்துவர், "மூன்றாம் நிலை, கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள்" என்கிறார். இன்னொருவர் லேப்ராஸ்கோப்பி மூலம் வலை வைத்துத் தூக்கிக் கட்டலாம் என்கிறார். அந்த வலை தடைசெய்யப்பட்டது என்று என் மகன் சொல்கிறான். மூன்றாமவர் வளையம் பொருத்தினார். மறுநாளே அது கழிப்பறையில் விழுந்துவிட்டது. என் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஆறே ஆண்டுகளில் மறுபடியும் இறங்கிவிட்டது. எதைத்தான் செய்துகொள்வது? இப்படியே விட்டால் புற்றுநோயாகுமா? நானும் கணவரும் இன்னும் தாம்பத்திய உறவில் இருக்கிறோம். இதை எந்த மருத்துவரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் உங்கள் பயத்திற்கு விடை சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பை இறக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு இது உயிருக்கு ஆபத்தான நோயும் அல்ல. நடப்பது, உட்காருவது, சிறுநீர் கழிப்பது போன்ற அன்றாடக் காரியங்களை அவதியாக்கும் நோய். நான் பின்னால் குறிப்பிடும் சில நிலைமைகளைத் தவிர, இதில் அவசரம் எதுவும் இல்லை. யோசித்து முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. சொல்லக் கூச்சமாக இருந்ததாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்குத்தான் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் அதிக எடை உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதை முதலிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொள்ளாமலேயே அறுவைக்கு நாள் குறிப்பவரைப் பற்றி, தொழிலில் இருப்பவள் என்ற முறையில், எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

இடுப்புக்கூட்டுக்குள் சிறுநீர்ப்பை முன்னாலும், கர்ப்பப்பை நடுவிலும், மலக்குடல் பின்னாலும் அமைந்திருக்கின்றன. இவற்றைக் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள்; மேலிருந்து பிடித்து நிறுத்துபவை, கர்ப்பப்பையின் கழுத்தையும் யோனியின் மேல்முனையையும் இடுப்பின் பின்புறத்தோடும் பக்கங்களோடும் இணைக்கும் தசைநார்கள். பிரசவத்தின்போது, குறிப்பாக ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவத்தின்போது, இடுப்புத்தளத் தசை எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே பிய்ந்துபோவதுண்டு. அப்போது அது வெளியே தெரிவதில்லை. மாதவிடாய் நின்று திசுக்கள் மெலிந்து, ஆண்டுக்கணக்கான மலச்சிக்கலும் முக்கலும் சேர்ந்த பிறகு இறக்கமாக வெளிப்படுகிறது. ஆக, தளர்ந்துபோனது தாங்கும் அமைப்புதானே தவிர, கர்ப்பப்பையில் எந்தக் கோளாறும் இல்லை. ஊஞ்சலின் சங்கிலி தளர்ந்துவிட்டது என்பதற்காகப் பலகையைக் கழற்றி வைத்தால் ஊஞ்சல் சரியாகிவிடாது. கர்ப்பப்பையை எடுத்தாலும் விட்டாலும், யோனியின் மேல்முனையை உறுதியான ஓர் இடத்தோடு சேர்த்துக் கட்டுவதுதான் இறக்கத்திற்கான அறுவை. உங்கள் அக்காவின் மருத்துவக் குறிப்புகளை நான் பார்த்ததில்லை; ஆனால் கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு மீண்டும் இறங்கும்போது, முதல் அறுவையில் மேல்முனைக்குப் போதிய பிடிப்பு கொடுக்கப்படாததே பலரிடமும் காரணமாக இருக்கிறது.

"மூன்றாம் நிலை" என்ற சொல் உங்களை மிகவும் பயமுறுத்தியிருப்பது தெரிகிறது. புற்றுநோயில் சொல்லும் நிலைகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1996 முதல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள அளவுமுறையில், யோனி வாயிலைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உறுப்பு இறங்கியிருந்தால் அது மூன்றாம் நிலை. வாயிலுக்கு மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் இரண்டாம் நிலை. இறங்கிய தூரத்தை மட்டுமே அது சொல்கிறது. இரண்டாம் நிலையிலேயே தாங்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு, மூன்றாம் நிலையோடு நிம்மதியாக நடமாடுபவர்களும் உண்டு. எனவே எந்தச் சிகிச்சை என்பதை நிலையின் எண் தீர்மானிக்கக் கூடாது. எந்தத் தொந்தரவு உங்களை அதிகம் வருத்துகிறது என்பதே தீர்மானிக்க வேண்டும். எதுவும் செய்யாமல் கண்காணித்து வருவதும் முறையான ஒரு வழியே. பல பெண்களுக்கு இறக்கம் ஆண்டுக்கணக்கில் கூடாமல் அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் விரலால் தள்ளினால்தான் சிறுநீர் போகிறது என்ற நிலையில் உள்ள உங்களுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இடுப்புத்தளப் பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதன் எல்லை உங்கள் விஷயத்தில் தெளிவானது. பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 16 வாரங்கள் செய்யும்போது முதல் இரண்டு நிலைகளில் இருப்பவர்களுக்குப் பாரமும் தொந்தரவும் குறைகின்றன என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் வழிகாட்டுதலும் அந்த நிலைகளுக்கே இதை முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. வாயிலைத் தாண்டி வந்துவிட்ட உறுப்பைப் பயிற்சி மட்டுமே உள்ளே ஏற்றிவிடாது. அறுவைக்கு முன்னும் பின்னும் செய்தால் அறுவையின் பலன் கூடும் என்று எதிர்பார்த்து நடத்திய பெரிய அமெரிக்க ஆய்வொன்றில் அப்படி எதுவும் தெரியவரவில்லை. ஆனாலும் இருமுவதற்கும், தும்முவதற்கும், பாரம் தூக்குவதற்கும் ஒரு கணம் முன்பாக, வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு நிச்சயம் உதவும். மலச்சிக்கலைத் தீர்ப்பது அதைவிட முக்கியம். தினமும் முக்கிக்கொண்டே இருப்பவருக்கு எந்தத் தையலும் நெடுநாள் நிற்காது.

வளையத்திற்கு வருகிறேன். மறுநாளே விழுந்துவிட்டது என்பதோடு நீங்கள் அந்தக் கதவை மூடிவிட்டீர்கள்; என் கருத்தில் அது அவசர முடிவு. பெசரி எனப்படும் இந்தச் சிலிக்கோன் வளையங்கள் பல அளவுகளிலும் பல வடிவங்களிலும் கிடைக்கின்றன. முதல் முயற்சியிலேயே சரியான அளவு அமைவது எல்லோருக்கும் நடப்பதில்லை. இரண்டாவது அல்லது மூன்றாவது அளவில் பொருந்துவது சாதாரணம். பொருத்தியதும் உங்களை நடக்கச் சொல்லி, குந்தி உட்கார்ந்து எழச் சொல்லி, இருமச் சொல்லி, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லிப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். சரியாகப் பொருந்திய வளையம் உள்ளே இருப்பதே உங்களுக்குத் தெரியாது. உறுத்தினால் அளவு பெரிது, நழுவினால் சிறிது என்று பொதுவாகக் கொள்ளலாம். யோனி வாயில் மிகவும் விரிந்திருப்பவர்களுக்குச் சாதாரண வளையம் நிற்காமல் போகும். அவர்களுக்குத் தண்டோடு கூடிய கெல்ஹார்ன் என்ற வகையோ, கனசதுர வடிவில் உள்ள வகையோ பொருந்தக்கூடும். ஆனால் இவ்விரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு தாம்பத்திய உறவு சாத்தியமில்லை. வட்ட வளையம் அப்படியல்ல. அதை வைத்துக்கொண்டே உறவில் ஈடுபடலாம், அல்லது நீங்களே கழற்றிவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கழற்றி மாட்டக் கற்றுக்கொள்வது பலருக்கு அருவருப்பாகத் தோன்றுகிறது. ஒரு காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து, வளையத்தின் ஓரத்தில் விரலைக் கொக்கியாக மாட்டி இழுத்து எடுத்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, மடித்து உள்ளே விடுவதுதான் முழு வேலையும். பக்கத்தில் செவிலியர் இருந்து சொல்லிக்கொடுத்தால் கை விரைவிலேயே பழகிவிடும். பிரிட்டனில் 340 பெண்களைக் கொண்டு நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், தாங்களே வளையத்தைப் பராமரித்துக்கொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் மருத்துவமனைக்கு வந்து மாற்றிக்கொண்டவர்களுக்குச் சமமாகவே இருந்தது. சிக்கல்கள் குறைவாக இருந்தன. மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமையும் சேர்த்துக் கொடுத்தால் உராய்ந்து புண்ணாவது குறையும். வளையத்தால் கெடுதல் நேர்வது பெரும்பாலும் அதை மறந்துவிடுபவர்களுக்குத்தான்: ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் விட்டால் அது திசுவை அரித்து, அரிதாகச் சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ ஓட்டை விழச் செய்யும்.

வளையமும் அறுவையும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டிருக்கின்றனவா என்றால், நெதர்லாந்தில் 440 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, வளையத்தில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 76 சதவீதத்தினரும் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய 82 சதவீதத்தினரும் நிலைமை மேம்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் வளையத்தில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்குள் அறுவைக்கு மாறியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வளையத்தில் தொடங்கினால் இழப்பு அதிகமில்லை என்றும், ஆனால் பலருக்கு அது நிரந்தரத் தீர்வாக இருப்பதில்லை என்றும் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

வளையத்தை உங்களுக்கு நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருமும்போது கசிந்த சிறுநீர் தானாக நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது குணமானதாக இருக்க வாய்ப்பு குறைவு. இறங்கிவரும் உறுப்பு சிறுநீர்க்குழாயை மடக்கி அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கசிவும் நின்றது, சிறுநீர் முழுதாகப் போவதும் நின்றது. இறக்கத்தை வளையத்தாலோ அறுவையாலோ சரிசெய்தவுடன் மடிப்பு நிமிர்ந்து, பழைய கசிவு திரும்பி வரலாம். அறுவைக்குப் பிறகு முதல் இருமலிலேயே உடை நனைந்தால், எதிர்பாராதவருக்கு அது பெரிய ஏமாற்றம்; அறுவையே தவறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். வளையத்தோடு சில வாரங்கள் நடமாடிப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். கசிவு வந்தால், அறுவையின்போதே அதற்கும் சேர்த்து ஏதாவது செய்துகொள்வதா, பிறகு பார்த்துக்கொள்வதா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

இனி அறுவை. யோனி வழியாகச் செய்யும் முறைகளில் வயிற்றில் கீறல் இல்லை, முதுகில் ஊசி போட்டே செய்துவிடலாம், எழுந்து நடமாடுவதும் விரைவு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு மேல்முனையை உட்புறத் தசைநார்களோடு தைப்பது ஒன்று. கர்ப்பப்பையை எடுக்காமலேயே அதன் கழுத்தை இடுப்பின் உறுதியான தசைநார் ஒன்றோடு பிணைப்பது மற்றொன்று. கர்ப்பப்பையின் கழுத்தை மட்டும் சுருக்கி, பக்கத் தசைநார்களை முன்னே இழுத்துத் தைக்கும் மான்செஸ்டர் முறையும் உண்டு. எடுப்பதையும் எடுக்காமல் பிணைப்பதையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் 208 பெண்களிடம் நடத்திய ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மேல்முனையில் தொந்தரவு தரும் அளவுக்கு மீண்டும் இறங்கியதும் மறு அறுவை தேவைப்பட்டதும் சேர்ந்து, எடுத்தவர்களிடம் 7.8 சதவீதம், எடுக்காதவர்களிடம் 1 சதவீதம். ஒரே ஆய்வை வைத்து எடுக்காமல் இருப்பதே சிறந்தது என்று நான் சொல்லவில்லை. எடுத்தால்தான் தீரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று சொல்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு இருந்தாலோ, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனையில் மாற்றம் தெரிந்தாலோ, கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருந்தாலோ விஷயம் வேறு. அப்போது எடுப்பதே சரி.

இவற்றின் தொல்லைகளையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தசைநாரோடு பிணைக்கும் முறையில் ஒரு பக்கப் பிட்டத்தில் சில வாரங்கள் வலி இருக்கக்கூடும். பெரும்பாலும் தானே தீரும். உட்புறத் தசைநார்களோடு தைக்கும்போது சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் மடங்கிப்போக வாய்ப்புண்டு என்பதால், அறுவை மேசையிலேயே சிறுநீர்ப்பைக்குள் கருவியை விட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பின்சுவரை அளவுக்கு மீறி இறுக்கித் தைத்துவிட்டால் உறவின்போது வலி நிரந்தரமாகிவிடும். கூச்சத்தை விட்டுப் பேசுங்கள் என்று நான் சொன்னதன் காரணம் இதுதான். நீடிப்பு பற்றியும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும்: யோனி வழியே மேல்முனையைக் கட்டும் இரண்டு முறைகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஐந்தாண்டு ஆய்வில், கடுமையான அளவுகோலின்படி இரண்டிலுமே 60 சதவீதத்திற்கு மேல் தோல்வி என்று பதிவானது, ஆனாலும் பெண்களின் தொந்தரவு பெரும்பாலும் மறுபடி தலைதூக்கவில்லை. அளவுகோலில் சற்றே இறங்கியிருப்பதும் அவதிப்படுவதும் ஒன்றல்ல.

லேப்ராஸ்கோப்பி மூலம் வலை வைக்கும் முறைக்கும் உங்கள் மகன் படித்த தடைக்கும் உள்ள வேறுபாடு இது. யோனி வழியாக உள்ளே பதிக்கும் வலைகளை இறக்கத்திற்கு விற்பதை நிறுத்தும்படி அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. வலை திசுவை அரித்து வெளியே வந்ததும், பலர் தீராத வலியில் தவித்ததும் அதன் பின்னணி. வயிற்று வழியாக, யோனியின் மேல்முனையை முதுகுத்தண்டின் அடியெலும்போடு இணைக்க வைக்கும் வலை அந்த உத்தரவில் அடங்காது. யோனி வழி முறைகளைவிட இது நீடித்து நிற்கிறது, உறவின்போது வலியும் குறைவு. ஆனால் முழு மயக்கம் வேண்டும், நேரம் அதிகம், குடல் ஒட்டிக்கொள்வது போன்ற சிக்கல்கள் அரிதாக நேரும். வலை அரித்து வெளிப்படும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவுமில்லை: வயிற்றைத் திறந்து செய்த ஆய்வொன்றில் ஏழு ஆண்டுகளில் அது சுமார் 10.5 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். அதே அமர்வில் கர்ப்பப்பையை முழுவதும் எடுத்தால் அந்த ஆபத்து கூடுகிறது. கழுத்தை விட்டுவைத்தால் குறைகிறது. யோனியைத் தைத்து மூடிவிடும் எளிய அறுவையும் ஒன்று உண்டு. மிகவும் நீடித்த பலன் தரும், வயது முதிர்ந்து உடல் தளர்ந்தவர்களுக்கு அருமையான வழி, ஆனால் அதன் பிறகு உறவு சாத்தியமில்லை என்பதால் உங்களுக்கு அது பொருந்தாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதலில் நான்கு முதல் ஆறு வாரம் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தடவி, மலச்சிக்கலுக்கு மருந்தெடுத்து, வேறு அளவில் வளையத்தைப் பொருத்திப் பார்ப்பேன். அது நின்று, நிம்மதியும் கிடைத்தால், அறுவையை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். நிற்காவிட்டால், அல்லது அதோடு வாழப் பிடிக்காவிட்டால், யோனி வழியாக மேல்முனையைக் கட்டும் அறுவையைத் தேர்ந்தெடுப்பேன். கர்ப்பப்பையை எடுப்பதா விடுவதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். ஆனால் ஆயுதப் பிரசவத்தில் தசை பிய்ந்தவர்களுக்கு மறுபடி இறங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், அடித்தசையைப் பரிசோதித்தோ ஸ்கேன் செய்தோ அது உறுதிப்பட்டால், லேப்ராஸ்கோப்பி சொன்ன மருத்துவரின் பேச்சுக்கு எடை கூடுகிறது. எந்த மருத்துவரிடம் போனாலும், "என் மேல்முனையை எதோடு கட்டப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறொருவரைப் பாருங்கள். அறுவை என்று முடிவானால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8 சதவீதத்திற்குக் கீழே வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. புண் ஆறுவதும் கிருமித்தொற்று அண்டாமல் இருப்பதும் அதைப் பொறுத்தவை. பிறகு ஆறு வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது, உறவையும் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒத்திவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாக, இந்த வாரமே இரண்டு சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். சிறுநீர் கழித்த பின் எவ்வளவு தங்குகிறது என்பதையும் சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா என்பதையும் ஸ்கேனில் பார்க்க வேண்டும்; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவையும் இரத்தத்தில் பார்க்க வேண்டும். பெரிய இறக்கம் சிறுநீரகக் குழாய்களை இழுத்து அடைத்துவிடுவது அரிதாக நடக்கிறது, அது வலியில்லாமலேயே நடக்கும். சிறுநீர் அறவே நின்றுபோனாலோ, வெளியே வந்த உறுப்பை உள்ளே தள்ளவே முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் கசிந்தால் "உரசலால்தான்" என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். மாதவிடாய் நின்றவருக்கு வரும் இரத்தப்போக்கு எதுவானாலும் கர்ப்பப்பையின் உட்சுவரைப் பார்த்தே ஆக வேண்டும். வெளியே நிற்கும் பகுதியில் புண் இருந்தால் க்ரீமுக்கும் வளையத்துக்கும் அது சில வாரங்களில் ஆறிவிடும். ஆறாமல் நீடித்தால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.